நாயம் கேக்கப் போனவர்கள்

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிலப்பதிகாரம் நடத்தி முடித்திருந்த சமயம். சொற்றொடரில் அமைத்து எழுதும் பகுதியில் ‘அறச்சீற்றம்’ என்ற சொல்லைக் கொடுத்திருந்தேன். கண்ணகி அறச்சீற்றம் கொண்டாள் என்றே பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: ‘என் தம்பி என் பேனாவை எடுத்துக்கொண்டதால் எனக்கு அறச்சீற்றம் வந்தது.’

சிவப்புப் பேனா அந்த வரியிலேயே நின்றுவிட்டது. வாக்கியத்தில் பிழையில்லை. பேனாவுக்கு இவ்வளவு பெரிய சொல்லா என்றுதான் தயக்கம். மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பேனா போச்சேன்னு கோவமாடா உனக்கு?”

“இல்ல டீச்சர். அவன் எடுத்ததுக்கு எங்கம்மா ஒண்ணுமே சொல்லல. நான் எடுத்திருந்தா அடிச்சிருப்பாங்க.”

முழு மதிப்பெண் போட்டேன். பேனா போனதற்கு வருவது கோபம். ஒரே வீட்டில் இரண்டு சட்டம் இருப்பதைப் பார்த்து வருவதுதான் மற்றது. அகராதியைப் புரட்டாமலே அந்தப் பையன் அதைப் பிடித்துவிட்டான்.

தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டாரத்தில் வாழ்நாளெல்லாம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். இந்தச் சொல்லை எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் வாயிலிருந்து இயல்பாக வந்து கேட்டதில்லை. மேடையில் கேட்டிருக்கிறேன், தலையங்கத்தில் படித்திருக்கிறேன். ஊருக்குள் வேறு சொற்கள் புழங்கின. கோவம் யாருக்கும் வரும். பசித்தால் வரும், குழம்பில் உப்புக் குறைந்தாலும் வரும். ஆத்திரம் கண்ணை மறைப்பது. ரோசம் தன் மானத்தைப் பற்றியது. வயித்தெரிச்சல் என்பதற்கு இரண்டு முகம். அடுத்தவன் நன்றாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் வருவதும் அதுதான். பறிகொடுத்தவளுக்கு வருவதும் அதுதான். ‘அவ வயித்தெரிச்சல் சும்மா விடாதுடி’ என்று பெரியவர்கள் சொன்னால் அது பொறாமையைச் சொன்னதல்ல என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். அநியாயத்தைப் பார்த்துப் பதைக்கும்போது ‘அடுக்குமா இது?’ என்பார்கள். கடவுளிடமா ஊரிடமா அநியாயம் செய்தவனிடமா, யாரிடம் கேட்கிறார்கள் என்று சொல்ல முடியாத கேள்வி அது. இதற்கெல்லாம் மேலே இருந்தது நாயம். கொங்குப் பக்கம் போனால் சும்மா உட்கார்ந்து பேசுவதற்கும் நாயம் என்றுதான் பெயர். எங்களுக்கு நாயம் என்றால் நியாயம். ‘நாயம் கேக்கப் போனாங்க’ என்றால் சண்டைக்குப் போனார்கள் என்று பொருளில்லை. கேட்க வேண்டியவரிடம், கேட்க வேண்டிய இடத்தில், கேட்கப் போயிருக்கிறார்கள்.

ஆயா, என் பாட்டி, ஒருமுறை அப்படிக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கேவுரு (கேழ்வரகு) அறுப்பு முடிந்து களத்தில் கூலி அளந்துகொண்டிருந்தார்கள். அப்போது கூலி தானியமாகத்தான். நாலு படி ஒரு வள்ளம். அந்தக் களத்துக்காரரிடம் இரண்டு வள்ளம் இருந்தது, வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று. இது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். வழியில் பேசிக்கொள்வார்கள், களத்துக்கு வந்ததும் முந்தானையை விரிப்பார்கள். அன்றைக்கு ஆயா வீட்டுப் படியை மடியில் கட்டி எடுத்துவந்திருந்தாள். தன் பங்கை அவர் அளந்து போட்டதும் முறத்தில் கொட்டி, உட்கார்ந்து, அதே கேவுரைத் தன் படியால் திருப்பி அளந்தாள். மூன்று படி தலைதட்டி வந்தது. நாலாவது படி நிறையவில்லை.

“இது நாலு படி இல்லீங்க. உங்க வள்ளம் கொறையுது. நாயமா அளந்து போடுங்க.”

படியைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது. குரல் நடுங்கவில்லை. எனக்கு அப்போது விவரம் தெரிய ஆரம்பித்திருந்த வயது; என் கண் அந்தக் கையிலேயே இருந்தது. இஷ்டம் இருந்தால் எடு, இல்லாவிட்டால் போ என்றார் அவர். ஆயா முறத்தைக் கவிழ்த்துக் கேவுரை அவர் குவியலிலேயே சேர்த்துவிட்டுக் கிளம்பினாள். இன்னும் சில பெண்களும் கவிழ்த்தார்கள். எல்லாரும் அல்ல, வீட்டில் அடுப்புக்கு ஒன்றுமில்லாதவர்கள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களை ஆயா அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மறுநாள் கதிரடிக்க ஆள் போதவில்லை. சில நாள் கழித்து ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார்கள். ஆயா தன் படியோடுதான் போனாள்.

முறத்தைக் கவிழ்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி ஆயா திண்ணையில் படுத்துக்கொண்டு அழுதாள். கூலி போய்விட்டதே என்று அழுகிறாள் என நினைத்து அம்மா ஏதோ சமாதானம் சொன்னாள். “அதுக்கில்லடி,” என்றாள் ஆயா. “இத்தன வருசம் இதே வள்ளத்துல அளந்தானே, அதுக்கு.”

பின்னாளில் வகுப்பில் அறச்சீற்றம் என்ற சொல்லை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிதான் முதலில் நினைவுக்கு வரும். அளக்கிற கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு போன சினம் அது. கத்தியிருந்தால் களத்துக்காரர் பொம்பளை கத்துகிறாள் என்று சிரித்திருப்பார். படியைக் காட்டியபோது அவரால் சிரிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இந்தச் சினத்தைக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. துகிலுரிதல் நடக்கிற ராத்திரி பெண்கள் கூட்டம் மற்ற நாளைவிட அதிகமாக இருக்கும், தூக்கம் இருக்காது. எனக்கு அந்த வயதில் சேலை வளர்கிற அதிசயம் பெரிதாகத் தெரிந்தது. வளர்ந்த பிறகுதான் அதற்கு முன்னால் திரௌபதி சபையில் கேட்கும் கேள்வி காதில் விழுந்தது. தன்னையே தோற்றுவிட்ட ஒருவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்கிறாள். அழுகையின் நடுவே அவள் எடுத்து வைப்பது ஒரு வழக்கு. சபையில் நூல் தெரிந்தவர்களும் முதியவர்களும் இருக்கிறார்கள். சபை நேரான பதில் சொல்வதில்லை. அதன் பிறகே கூந்தலை முடிக்க மாட்டேன் என்று சபதம்.

கூத்து இரவுகள் ஒவ்வொன்றாகப் போகும். வனவாசம் வரும், அஞ்ஞாதவாசம் வரும். கதைப்படி 13 ஆண்டு. அத்தனை ஆண்டும் விரித்த கூந்தல் விரித்தபடியே இருக்கிறது. கடைசி நாள் காலை களிமண்ணால் துரியோதனனை மைதான நீளத்துக்குப் படுக்க வைத்திருப்பார்கள். அவன் வீழும் படுகளம் முடிந்த பிறகே திரௌபதி கூந்தல் முடிகிறாள். அந்த நேரத்தில் கூட்டத்தில் இருக்கிற பெண்கள் கும்பிடுவதைப் பார்த்தால் அவர்கள் வெறும் கதை பார்க்க வந்தவர்கள் இல்லை என்று தெரியும். நியாயம் கிடைக்க நாளாகும், அதுவரை மறக்காமல் இருக்க வேண்டும் என்பதை எங்கள் ஊர்களில் கோயில் கொடியேற்றி வருஷாவருஷம் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்த மண்ணுக்கே சொந்தமான ஒரு சினம் புறநானூற்றில் இருக்கிறது. தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்ததை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். அதே அதியமான் ஒருமுறை பரிசு தராமல் காலம் தாழ்த்தியபோது ஔவை பாடியது 206ஆம் பாட்டு. அரசனைப் பார்த்துப் பாடவில்லை. வாயில் காப்பவனைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். உன் தலைவனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா என்கிறாள். அறிவும் புகழும் உடையவர்கள் உலகில் செத்துப்போய்விடவில்லை என்கிறாள். தச்சன் பிள்ளை கோடரியோடு காட்டுக்குள் போனால் அவனுக்கு மரம் கிடைக்காதா, கலை கையில் உள்ளவளுக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு, இசைக்கருவிப் பையைக் கட்டியாயிற்று என்கிறாள். அதியமான்கோட்டை வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு நெல்லிக்கனியைவிட இந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வரும்.

கண்ணகியும் முதலில் பேசுவது வாயில் காப்பவனிடம்தான். இதைப் பல வருஷம் நடத்திய பிறகே கவனித்தேன். அநியாயம் நடந்தவர் யாராக இருந்தாலும் அரசன் முகத்தை முதலில் பார்ப்பதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவனைத்தான் பார்க்கிறார். காவல் நிலையத்தில் எழுத்தர், வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளர், மருத்துவமனையில் சீட்டுக் கொடுப்பவர். உள்ளே போய்க் கேட்கும் கேள்விக்குப் பாதித் தெம்பு அந்தக் கதவிலேயே செலவாகிவிடுகிறது. அதையும் மிச்சம் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறவளையே சிலப்பதிகாரம் காட்டுகிறது.

அப்படி உள்ளே போனவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. வாச்சாத்தி எங்கள் பக்கத்து ஊர் என்றே சொல்லலாம். சித்தேரி மலையடிவாரம், மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு 155 வனத்துறையினரும் 108 காவல்துறையினரும் 6 வருவாய்த்துறையினரும், ஆக 269 அரசு ஊழியர்கள் அந்த ஊருக்குள் இறங்கினார்கள். மக்களை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதில் ஒருத்தி 13 வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை. வீடுகளை உடைத்தார்கள், ஆடு கோழிகளை அறுத்துத் தின்றார்கள், கிணறுகளைக் குடிக்க முடியாதபடி கெடுத்தார்கள். 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என 133 பேரைக் கைது செய்து சிறைக்கு அனுப்பினார்கள்.

அப்போது நான் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அரூரில் நடக்கிற தூரத்தில் செய்தித்தாள் கடைகள் இருந்தும், எங்களுக்கு இது செய்தியாக வரவில்லை. சந்தனக்கட்டை கடத்தினவங்களைப் பிடிச்சிட்டுப் போயிருக்காங்க என்ற பேச்சாக வந்தது. சந்தையில், பேருந்தில், பால் வாங்குகிற இடத்தில் அதே பேச்சு. முதலில் ஊரார் நாவில் ஏறியது அரசாங்கத்தின் வார்த்தை. அந்தப் பெண்களின் வார்த்தை வெளியே வர வாரங்கள் பிடித்தன. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் அந்த ஊருக்குள் போய்ப் பார்த்து வெளியே சொன்ன பிறகே மாவட்டத்துக்கு விஷயம் தெரிந்தது. அந்தக் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சங்கத்தின் பெ. சண்முகம் அந்த வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டார். அரசு மறுத்தது. வாயிற்காவலர்கள் எல்லாரும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் சக ஊழியர்கள்; புகாரைப் பதிவதே போராட்டமானது. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் கொடுத்தது. குற்றப்பத்திரிகையில் 269 பெயர்.

அதன் பிறகு அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். நீதிமன்றம் போனார்கள். தள்ளிவைக்கப்பட்ட தேதிக்குத் திரும்பப் போனார்கள். கூண்டில் ஏறி, யார் யார் என்ன செய்தார்கள் என்பதை, வாயால் சொல்லக் கூசுவதை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் குறுக்கு விசாரணைக்கு நடுவே சொன்னார்கள். கூலி வேலைக்குப் போனால்தான் சோறு என்கிற வீடுகள் அவை. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி. எத்தனையோ சமாதானப் பேச்சு, மிரட்டல், களைப்பு. நடுவில் பிள்ளைகள் பிறந்து பெரியவர்களானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் தீர்ப்பைப் பார்க்காமலே இறந்தார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் தீர்ப்பு. நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வளாகத்துக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிபதி சு. குமரகுரு சொன்னார். 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது. அவர்களில் 12 பேருக்குப் 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு. ஒருவர்கூட விடுதலை இல்லை. செய்தி வெளியே வந்ததும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பிள்ளை, ஜெயிச்சிட்டாங்களே, ஏன் அழுவுறாங்க என்று கேட்டாள். திண்ணையில் ஆயா சொன்ன பதில்தான் எனக்குத் தெரிந்த பதில். அவளிடம் சொன்னேன்.

கொடுங்கோன்மை அதிகாரத்தில் 555ஆம் குறள், பொறுக்க முடியாமல் அழுதவர்களின் கண்ணீரைச் செல்வத்தைத் தேய்க்கும் ஆயுதம் என்கிறது. வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரம் முழுக்க ஒதுக்கியவர். சினத்தைப் புகழ்ந்து எங்கும் எழுதவில்லை. ஆனால் ஆள்பவன் செய்த கொடுமையைச் சொல்லும் இடத்தில் அழுதவரைப் பார்த்து ஆறிக்கொள் என்று அவர் சொல்லவில்லை. தேய்க்கும் என்கிறார். தேய்ப்பதற்குக் காலம் வேண்டும். வாச்சாத்தியில் 19 ஆண்டு ஆனது. மேல்முறையீடும் சேர்த்தால் 31. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29, முதல் தீர்ப்பு வந்த அதே தேதியில், மேல்முறையீடுகள் அத்தனையையும் தள்ளினார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்றவே அப்பாவி மக்கள் மேல் இது நடத்தப்பட்டது என்பதும் தீர்ப்பில் பதிவானது. 1992இல் சந்தையில் புழங்கிய அந்தப் பேச்சுக்கு வந்த பதில் அது.

ரௌத்திரத்தைப் பழகிக்கொள்ளச் சொன்ன பாரதியை மேடையில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ரௌத்திரம் என்ற சொல்லில் மட்டும் அழுத்தம் கொடுத்து. பழகுவதை விட்டுவிடுகிறார்கள். பழக்கத்துக்கு நாள் வேண்டும், அடக்கம் வேண்டும், தோற்றாலும் மறுபடி வரும் மனசு வேண்டும். என் காலத்தில் இந்த மாவட்டத்தில் அதைப் பழகியவர்கள் என்று கேட்டால் நான் கைநீட்டிக் காட்டுவது அந்த மலையடிவாரத்துப் பெண்களை.

இதே மாவட்டத்தில் வேறு சினங்களையும் பார்த்தேன். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்தது. எங்கள் பள்ளியை அவசரமாக விட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். சாலையில் மறியல், கல்லெறி. தலைவிக்கு அநியாயம் நடந்துவிட்டது, அதனால் கொதிக்கிறோம் என்றார்கள். அன்று தருமபுரிக்கு அருகே இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் சுற்றுலாப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா மூன்று பேரும் உள்ளேயே எரிந்து இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் என்ன சம்பந்தம்? மூன்று பேருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை, கூட்ட வெறியில் செய்தது என்ற வாதத்தை ஏற்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018இல் விடுதலையும் ஆனார்கள். நான் மரண தண்டனையை ஆதரிப்பவள் அல்ல. ஆனால் கூட்டத்தின் ஆத்திரம் குற்றத்தின் எடையைக் குறைக்கும் என்பதை என் மனசு இன்றுவரை ஏற்கவில்லை.

2012 நவம்பர் 7. ஒரு காதல் திருமணத்தையும் அதையொட்டி நடந்த ஒரு தற்கொலையையும் காரணம் சொல்லி, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் தலித் மக்களின் 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சாதிக் கூட்டம் சூறையாடிக் கொளுத்தியது. அந்தக் கூட்டமும் தங்களுக்கு அநியாயம் நடந்தது என்றுதான் சொன்னது. சில நாள் கழித்து ஆசிரியர்கள் சிலரோடு நான் அங்கே போனேன். கரிந்த பீரோவுக்குள் கைவிட்டு மதிப்பெண் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தாள் ஒரு பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ். மேல் ஓரம் மட்டும் மிஞ்சியிருந்தது. பெயர் இருந்த இடம் இல்லை. நகல் வாங்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டே, “எங்க வீட்டு மேல இவங்களுக்கு என்ன கோவம் டீச்சர்?” என்றாள்.

அவள் கேட்டதுதான் நாயம். தன் வீடு ஏன் எரிந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. வீட்டை எரித்தவர்கள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வரும்போதே கையில் பெட்ரோலோடு வந்தார்கள். அறச்சீற்றம் என்று எந்த மேடையில் எந்தக் கூட்டத்தைப் பாராட்டினாலும் நான் முதலில் இதைத்தான் பார்க்கிறேன்: இவர்கள் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டார்களா? பதிலுக்குக் காத்திருந்தார்களா? கேள்வி போய்ச் சேர வேண்டியவனிடம் போனதா, இல்லை அகப்பட்ட ஏழையின் தலையில் விழுந்ததா?

அந்த ஆண்டு சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்துவது எனக்குச் சிரமமாக இருந்தது. சிலம்பை உடைத்துக் காட்டுகிற இடம் வரை சரி. கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல், அரசி சிலம்பில் முத்து. சான்று கண்ணெதிரே சிதறுகிறது, பாண்டியன், தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். வழக்கு அங்கே முடிந்துவிட்டது. அப்புறம் எதற்கு மதுரை எரிய வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் நத்தத்துக்குப் பக்கத்தில் உறவினர் உள்ளவள். வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தீக்கடவுள் வந்து யாரைத் தொடக்கூடாது என்று கேட்கும்போது, கண்ணகி முதியவர்களை, குழந்தைகளை, அறவழியில் நிற்பவர்களை விட்டுவிடச் சொல்கிறாள். தீயவர்கள் பக்கம் மட்டும் போகச் சொல்கிறாள். எரிக்கிற நேரத்திலும் அவளுக்கு ஆள் வித்தியாசம் தெரிந்திருந்தது என்று இளங்கோ நமக்குச் சொல்ல விரும்பியிருக்கிறார் என்றேன். அந்த மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. “காவியத்துல தீ சொன்ன பேச்சக் கேக்கும் டீச்சர்,” என்றாள். “நெசத்துல கேக்காது.” எனக்கு மறுக்க வரவில்லை. பாடத்தை நடத்தி முடித்தேன். ஆனால் அன்று முதல், கண்ணகியின் பெருமை மதுரையில் இல்லை, அரசவையில் சிலம்பை உடைத்த அந்தக் கணத்தில் இருக்கிறது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். புலவர்கள் ஏற்காவிட்டாலும் பரவாயில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். எட்டாவதோடு நின்றவள். கணவனும் அவளும் ஒரு செங்கல் சூளையில் வேலை செய்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. கணக்கு முடிக்கும்போது உடைசல் கழிவு, மழை கழிவு, முன்பணக் கழிவு என்று கல்லின் எண்ணிக்கையே பாதியாகக் குறைந்துபோயிருந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்க ஒரு மனு எழுதி வந்திருந்தாள். தப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொன்னாள்.

கூடவே பிள்ளையின் பழைய நோட்டு ஒன்று. ஒவ்வொரு நாளும் எத்தனை கல் அறுத்தார்கள், எத்தனை உடைந்தது, எந்த நாள் மழை, எல்லாம் அதில் இருந்தது. மனுவில் அதையே தேதி வாரியாகப் பெயர்த்து எழுதியிருந்தாள். இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை திருத்தினேன். கோபமான ஒரு சொல்கூட அதில் இல்லை. ஏமாற்றினார் என்றுகூட எழுதவில்லை. இத்தனை கல், இத்தனை ரூபாய், வந்தது இவ்வளவு, வர வேண்டியது இவ்வளவு, விசாரித்துப் பெற்றுத்தர வேண்டுகிறேன், அவ்வளவுதான். அவள் என் வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து நெற்றி நரம்பு புடைத்தபடி இருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் ஒரு துளியும் காகிதத்தில் சிந்தவில்லை.

திங்கட்கிழமை துணைக்குப் போனேன். மனுவைப் பதிந்து, எண் போட்டு, உரிய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அந்த அலுவலகத்துக்குப் போனபோது வாசலில் இருந்தவர் மனுவின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு போகச் சொன்னார். அவள் போகவில்லை.

“வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.”

“அதெல்லாம் இங்க வழக்கமில்லம்மா.”

“அப்ப யார் போடுவாங்களோ அவங்களக் காட்டுங்க. உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியது. உள்ளேயிருந்து வந்த ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு நகலில் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நோட்டைப் பார்த்த பிறகு சூளைக்காரர் தரப்பில் ஒரு தொகையை ஒத்துக்கொண்டார்கள், முழுசாக அல்ல. வாங்கிக்கொண்டு, மீதிக்கு அடுத்த மனுவை எழுதி எடுத்துவந்தாள். இந்த முறை எழுத்துப் பிழை குறைவாக இருந்தது. சூளையில் இவளோடு வேலை செய்கிற இன்னும் நாலு வீட்டுக் கணக்கும் அதே நோட்டில் ஏறியிருக்கிறது.